இங்கிலாந்து மேனர் ஒன்றின் உரிமைத் தொடரைத் தேடுவது எப்படி? முதன்முறை இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் குடியிருக்கும் ஆங்கிலக் கிராமத்தின் தேவாலயத் தரையில் தேய்ந்துபோன கல்லறைப் பலகை ஒன்று உண்டு. அதில் பாதி அழிந்திருந்த பெயரைப் பார்த்து, "இந்த மேனர் யார் யார் கைக்கு எப்படிப் போயிற்று?" என்று தேடத் தொடங்கினேன். மூன்று வார இறுதிகளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பதினான்கு மாதங்கள் ஆயின. அவற்றில் பாதிக்கு மேல் தவறான மேனரையும் தவறான மனிதர்களையும் துரத்திய காலம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். என் ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எடுத்துக்காட்டு தேவைப்படும் இடங்களில் எல்லோரும் பார்க்கக்கூடிய வேறு மேனர்களைக் காட்டுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மேனர் என்பது ஒரு மாளிகையும் அன்று, ஓர் ஊரும் அன்று. ஒரு பிரபுவின் நேரடி நிலம், அங்கே குடியிருந்து உழுதவர்கள் அவருக்குத் தர வேண்டிய வாடகையும் உழைப்பும், அவர்களுக்காக அவர் நடத்திய வழக்கு மன்றம் ஆகியவை சேர்ந்த உரிமைத் தொகுப்புக்கே அந்தப் பெயர். அந்தத் தொகுப்பு கைமாறிய வரிசையைத்தான் நாம் தேடுகிறோம். வில்லங்கச் சான்று போல இது ஒரே தாளில் கிடைக்காது. இடைக்காலத்தில் அப்படி ஒரு பதிவகமே இல்லை. வேறு நோக்கங்களுக்காக எழுதப்பட்ட ஆவணங்களிலிருந்து ஒவ்வொரு கண்ணியாக நாமேதான் கோக்க வேண்டும்.

1. எந்த மேனர் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

நான் செய்த மிகப் பெரிய பிழை இங்கேதான் நேர்ந்தது. ஊர்ப் பெயரும் மேனரின் பெயரும் ஒன்றாக இருந்ததால், ஊருக்கு ஒரே மேனர்தான் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் ஓர் ஊருக்குள் இரண்டு மூன்று மேனர்கள் இருப்பது மிகச் சாதாரணம். ஒரே மேனர் நான்கு ஊர்களில் சிதறிக் கிடப்பதும் அப்படியே. நான் நான்கு மாதங்களாகச் சேர்த்த பெயர்களில் ஏறக்குறைய பாதி, அதே ஊரிலிருந்த இன்னொரு மேனரின் பிரபுக்களுடையவை என்று பிறகுதான் தெரிந்தது.

இதற்கான கருவி, லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் பராமரிக்கும் மேனர் ஆவணப் பதிவேடு. 1922-ஆம் ஆண்டின் சொத்துச் சட்டத்தைத் தொடர்ந்து உருவான இந்தப் பதிவேடு, எந்த மேனரின் எந்தச் சுருள்கள் எந்தக் காப்பகத்தில் இருக்கின்றன என்று காட்டும். இணையத்தில் இலவசமாகத் தேடலாம். உங்கள் ஊர்ப் பெயரை இட்டால், அந்தத் திருச்சபை வட்டாரத்துக்குள் இருந்த மேனர்களின் பெயர்கள் வரிசையாக வரும். அந்தப் பட்டியலை அப்படியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மாற்றுப் பெயர்களையும் விடாதீர்கள்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. இந்தப் பதிவேட்டில் மன்றச் சுருள்கள், நில அளவைப் பதிவுகள், வாடகைப் பட்டியல்கள் போன்றவை இருக்கும். உரிமைப் பத்திரங்கள் இருக்காது, ஏனெனில் அவை சட்டப்படி மேனர் ஆவணங்களின் வரையறைக்குள் வருவதில்லை. ஆகவே இதில் ஒன்றும் இல்லை என்பதால் மேனரே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டாவதாக, வாசலில் "தி மேனர்" என்று பலகை மாட்டிய வீட்டை நம்பாதீர்கள். விக்டோரியா காலத்தில் வசதியாகக் கட்டப்பட்ட பல வீடுகளுக்கு அழகுக்காக அந்தப் பெயர் வைக்கப்பட்டது.

2. பிறர் செய்து முடித்த வேலையைத் தேடுங்கள்

1899-இல் தொடங்கப்பட்டு இன்றும் லண்டன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆய்வு நிறுவனத்தின் கீழ் நடந்துவரும் விக்டோரியா கவுண்டி ஹிஸ்டரி என்னும் வரிசையில் உங்கள் ஊர் வந்திருந்தால், உங்கள் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். அதில் ஒவ்வொரு திருச்சபை வட்டாரத்துக்கும் மேனர்கள் பற்றித் தனிப் பகுதி உண்டு. 1086-இலிருந்து அந்தத் தொகுதி எழுதப்பட்ட காலம் வரை யார் யார் வைத்திருந்தார்கள் என்று அடுக்கியிருப்பார்கள். பெரும்பாலான தொகுதிகளை பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம்.

மேலே உள்ள வாசகத்தைவிடக் கீழே உள்ள அடிக்குறிப்புகளுக்கே அங்கு மதிப்பு அதிகம். ஒவ்வொரு அடிக்குறிப்பும் ஓர் ஆவணத்தின் முகவரி. அவற்றைத் தனித் தாளில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் வந்த தொகுதிகளில் பிழைகள் உண்டு. அப்போது அச்சாகாத ஆவணங்கள் பல இப்போது அச்சாகியிருக்கின்றன. ஆகவே குறைந்தது ஐந்தாறு அடிக்குறிப்புகளையாவது நீங்களே சரிபாருங்கள்.

எல்லாக் கவுண்டிகளும் முடியவில்லை என்பதே சிக்கல். ஹாம்ப்ஷயர், சரே, ஹெர்ட்ஃபோர்ட்ஷயர், பெட்ஃபோர்ட்ஷயர் போன்றவற்றுக்கு முழுமையாக உண்டு. கென்ட், நார்ஃபோக் ஆகிய கவுண்டிகளில் ஊர்வாரியான தொகுதிகள் வரவில்லை. அங்கே 18-ஆம் நூற்றாண்டில் முறையே ஹேஸ்டட், புளோம்ஃபீல்ட் ஆகியோர் எழுதிய கவுண்டி வரலாறுகளிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். அவை பயனுள்ளவை, ஆனால் அவற்றில் வரும் ஆரம்பகாலத் தலைமுறைகளை மூல ஆவணம் கிடைக்கும்வரை பென்சிலால் மட்டுமே எழுதுங்கள்.

3. மூன்று பத்திகள் கொண்ட ஒரு தாள்

தேடலில் இறங்குமுன் ஒரு தாளை மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். இடப்பக்கம் மேல்பிரபு, நடுவில் இடைப்பிரபு, வலப்பக்கம் மேனரை நேரடியாக அனுபவித்தவர். இடைக்கால இங்கிலாந்தில் நிலம் முழுவதும் இறுதியில் அரசருடையது. அவரிடமிருந்து ஒருவர் பெற்று, அவரிடமிருந்து இன்னொருவர் பெற்று, அவரிடமிருந்து மூன்றாமவர் பெற்றிருப்பார். மூவருமே அந்த மேனரை "வைத்திருக்கிறார்" என்றுதான் ஆவணம் சொல்லும். ஒரே காலத்தில் இரண்டு பெயர்கள் வந்தால் உடனே விற்பனை நடந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். இருவரும் வெவ்வேறு படியில் நின்றிருக்கலாம். "இன்னாரிடமிருந்து" என்னும் சொல்லைத் தேடிப் படித்தாலே படி தெரிந்துவிடும்.

தேதி எழுதும் முறையையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். ஆவணங்கள் கிறித்தவ ஆண்டைச் சொல்லாமல் அரசரின் ஆட்சியாண்டையே சொல்லும். மூன்றாம் எட்வர்டின் ஆட்சி 25 ஜனவரி 1327-இல் தொடங்கியது. ஆகவே அவருடைய 12-ஆம் ஆண்டு என்பது 25 ஜனவரி 1338 முதல் 24 ஜனவரி 1339 வரை. நாளும் "புனித மைக்கேல் திருநாளுக்கு அடுத்த திங்கள்" என்ற வகையில்தான் வரும். ஆண்டு மார்ச் 25-இல் பிறப்பதாகக் கணக்கிட்ட வழக்கம் 1752 சீர்திருத்தம் வரை நீடித்தது. எனவே பிற்கால ஆவணத்தில் "பிப்ரவரி 1610" என்று இருந்தால் நம் கணக்கில் அது 1611. மகன் தந்தைக்கு முன்பே இறந்துவிட்டதுபோல் தோன்றினால் முதலில் இந்தக் கணக்கைச் சரிபாருங்கள்.

4. டூம்ஸ்டேயில் தொடக்கப் புள்ளியை நிறுத்துங்கள்

1086-இல் முதலாம் வில்லியமின் ஆணைப்படி எடுக்கப்பட்ட கணக்கே டூம்ஸ்டே. ஓப்பன் டூம்ஸ்டே தளத்தில் ஊர்ப் பெயரை இட்டால் மூலப் பக்கத்தின் படமும் சுருக்கமும் இலவசமாகக் கிடைக்கும். 1066-க்கு முன் வைத்திருந்தவர், 1086-இல் அரசரிடமிருந்து நேரடியாகப் பெற்றவர், அவருக்குக் கீழிருந்தவர் ஆகிய மூன்று பெயர்களைத் தேடுங்கள்.

அந்த நூல் ஊர்வாரியாக எழுதப்பட்டதன்று. கவுண்டிக்குள் நிலவுடைமையாளர்வாரியாக எழுதப்பட்டது. ஓர் ஊரில் மூவருக்கு நிலம் இருந்தால் மூன்று வெவ்வேறு இடங்களில் பதிவு வரும். அவற்றில் உங்கள் மேனர் எது என்பதைப் பின்னர் வந்த வாரிசுகளை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். "ஸ்டோக்" போன்ற பெயர்கள் நாடெங்கும் இருப்பதால் எந்த ஹண்ட்ரட் என்னும் உட்பிரிவின் கீழ் வருகிறது என்றும் பாருங்கள். ஊர்ப் பெயரே காணவில்லை என்றாலும் கலங்க வேண்டாம். பெரிய மேனர் ஒன்றின் கணக்குக்குள் அது அடங்கியிருக்கலாம். நார்தம்பர்லாந்து, டர்ஹம் பகுதிகளில் கணக்கே எடுக்கப்படவில்லை.

1086-க்கும் 1200-க்கும் இடையில் ஆவணங்கள் மெலிந்தே இருக்கும். 1166-இல் பெரும்பிரபுக்கள் தங்களுக்குக் கீழிருந்த வீரர்களைப் பட்டியலிட்டு அரசருக்கு அனுப்பிய கடிதங்களும், மடங்களுக்குத் தானம் தந்த சாசனங்களும், 1198 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரையிலான நிலமானிய விசாரணைகளும் கைகொடுக்கும். இந்த இடைவெளியை ஊகத்தால் நிரப்பாமல் காலியாகவே விட்டுவிடுவது நல்லது.

5. இறப்பு விசாரணைகளைப் படியுங்கள். பெயரை நம்பாமல் உறவை நம்புங்கள்

இந்த முழு வேலையிலும் சுவையானதும் ஆபத்தானதும் இந்தக் கட்டமே. அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால், எஸ்கீட்டர் என்னும் அரச அதிகாரி உள்ளூர் ஆட்களை நடுவர்களாகக் கூட்டி, இறந்தவர் என்ன நிலம் வைத்திருந்தார், யாரிடமிருந்து, எந்தச் சேவைக்காக, ஆண்டு மதிப்பு என்ன, எப்போது இறந்தார், வாரிசு யார், அவருக்கு வயது என்ன என்று சத்தியம் செய்து சொல்ல வைப்பார். 13-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தொடங்கி 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது நடந்தது. தேசிய ஆவணக் காப்பகத்தில் மூன்றாம் ஹென்றியின் காலத்துக்கானவை சி 132 என்னும் தொடரில் தொடங்கும். முதலாம் எட்வர்டுக்கு சி 133, இரண்டாம் எட்வர்டுக்கு சி 134, மூன்றாம் எட்வர்டுக்கு சி 135 என்று போய், ட்யூடர் காலத்தவை சி 142-இல் இருக்கும். பெரும்பகுதிக்கு ஆங்கிலச் சுருக்கங்கள் அச்சில் வந்திருக்கின்றன, அவற்றிலிருந்தே தொடங்குங்கள்.

ஒரே ஒரு விசாரணை கிடைத்தாலும் தந்தை, மகன், மேல்பிரபு, தேதி என நான்கு கட்டங்கள் ஒரேயடியாக நிரம்பிவிடும். ஆனால் பொறிகளும் இங்கேதான் அதிகம்.

வாரிசின் வயது "30-உம் அதற்கு மேலும்" என்று வந்தால் அவர் பெரியவர் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் தராதீர்கள். வாரிசு சிறுவன் என்றால் மட்டும் வயதைக் கவனமாகச் சொல்லியிருப்பார்கள், ஏனெனில் அவனுடைய நிலத்தைப் பொறுப்பில் எடுக்கும் உரிமை யாருக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு என்பது அதைப் பொறுத்தது. ஆண் வாரிசுக்கு 21 வயது ஆகும்வரை அந்த நிலத்தின் வருமானம் காப்பாளருக்கே போகும். அக்காலத்துப் பட்டியல்களில் அந்தக் காப்பாளரின் பெயரே பிரபுவாக வந்திருக்கும். அவரை உரிமையாளராக எழுதிவிட்டு, "இவர் எப்போது வாங்கினார், எப்போது விற்றார்?" என்று ஆறு வாரம் தேடியவன் நான்.

விதவைகள் விஷயமும் அப்படியே. கணவன் இறந்தால் அவனுடைய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு ஆயுள் முழுவதும் உண்டு. அவள் மறுமணம் செய்தால் புதுக் கணவன் அவள் வாழும்வரை அந்த மேனரின் பிரபுவாக ஆவணங்களில் உலவுவான். அவள் இறந்தபின் நிலம் முதல் கணவனின் வாரிசுக்கே திரும்பும். இடையில் வந்த புதுக் கணவனின் குடும்பப் பெயரைப் பார்த்து உரிமை வேறு குடும்பத்துக்குப் போய்விட்டதாக எழுதிவிடுவார்கள். பழைய கவுண்டி வரலாறுகள் சிலவற்றிலும் இந்தப் பிழை உண்டு. இதற்கு மறுபக்கமும் உண்டு: நிலம் மனைவியுடையது என்றால், குழந்தை உயிரோடு பிறந்திருக்கும் பட்சத்தில், அவள் இறந்த பிறகும் கணவன் தன் ஆயுள்வரை அதை வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஒரு பெயரைப் பார்த்ததும் இவர் உரிமையாளரா, காப்பாளரா, விதவையா, விதவையின் கணவரா என்று கேட்டு, பதில் கிடைத்த பிறகே தாளில் மையால் எழுதுங்கள்.

மகன் இல்லாமல் மகள்கள் மட்டும் இருந்தால் நிலம் அவர்களுக்குச் சமமாகப் பிரியும். டெர்பிஷயரில் உள்ள ஹாடன், ஏவனல் குடும்பத்தின் இரு மகள்கள் வழியாக வெர்னன், பாஸெட் ஆகிய இரு குடும்பங்களுக்குப் போனது. வெர்னன்களிடமிருந்து 16-ஆம் நூற்றாண்டில் டோரதி வெர்னனின் திருமணத்தால் மேனர்ஸ் குடும்பத்துக்குச் சென்றது. குடும்பப் பெயர் இரண்டு முறை மாறினாலும் இரத்த வழி அறுபடவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் "பாதி மேனர்" என்று ஆவணத்தில் வந்தால், மற்றப் பாதி எங்கே போயிற்று என்பதைத் தனித் தாளில் தொடருங்கள்.

விசாரணையே கிடைக்கவில்லை என்றால் காரணங்கள் மூன்றாக இருக்கலாம். அவர் அரசரிடமிருந்து நேரடியாக எதையும் பெறாதவராக இருக்கலாம். 15-ஆம் நூற்றாண்டில் வழக்கமாகிவிட்டபடி, நிலத்தை நண்பர்கள் சிலரின் பெயருக்கு நம்பிக்கையின்பேரில் மாற்றி வைத்திருக்கலாம்; அப்போது "ஒன்றும் வைத்திருக்கவில்லை" என்றே நடுவர்கள் சொல்வார்கள். அல்லது மேனர் ஒரு மடத்துக்கோ கல்லூரிக்கோ சொந்தமாக இருக்கலாம். மடத்துக்குச் சாவு இல்லை. சாவு இல்லாத இடத்தில் இறப்பு விசாரணையும் இல்லை. அந்த நிலைக்கு 7-ஆம் படியைப் பாருங்கள்.

6. கைமாற்றங்களுக்கு ஃபைன்களைத் தேடுங்கள்

ஃபைன் என்பது இங்கே அபராதமன்று; அரசர் மன்றத்தில் ஒரு வழக்கை ஒப்புக்குத் தொடுத்து, சமரசமாக முடித்து, அந்த முடிவையே உரிமைச் சான்றாக்கிக்கொண்ட முறை. 1195 முதல் ஒரே தோலில் மூன்று பிரதிகள் எழுதி, நெளிநெளியாக வெட்டி, இரண்டை இரு தரப்பினருக்கும் தந்துவிட்டு, அடிப்பாகத்தைக் கருவூலத்தில் வைத்தார்கள். அந்த அடிப்பாகங்களே ஃபீட் ஆஃப் ஃபைன்ஸ். இடைக்காலத்தவை சி.பி. 25/1 என்னும் தொடரில் உள்ளன. முறை ஒழிக்கப்பட்டது 1833-இல். பல கவுண்டிகளுக்கு ஆங்கிலச் சுருக்கங்கள் உள்ளூர் ஆவணச் சங்கங்களின் வெளியீடுகளாக வந்துள்ளன. மூலத்தின் படங்களை ஹியூஸ்டன் பல்கலைக்கழகம் இடமளிக்கும் ஆங்கிலோ-அமெரிக்கன் லீகல் ட்ரெடிஷன் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

அதில் வரும் தொகையை விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "100 மார்க்" என்று முழு எண்ணாக வருவது பெரும்பாலும் சடங்குத் தொகை. ஒரு மார்க் என்பது 13 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. பல ஃபைன்கள் விற்பனையே அல்ல. மகனின் திருமணத்துக்காகத் தந்தை நிலத்தை ஒரு மதகுருவின் பெயருக்கு மாற்றி, அவரிடமிருந்து குறிப்பிட்ட வாரிசு வரிசையோடு திரும்பப் பெறும் ஏற்பாடு. யாரிடமிருந்து யாருக்கு என்பதைவிட, "இவருக்குப் பின் இவருக்கு" என்று கடைசியில் வரும் பகுதியைத்தான் கூர்ந்து படிக்க வேண்டும்.

இதோடு பேட்டண்ட் ரோல்கள் என்னும், அரசரின் ஆணைகள் பதிவான சுருள்களையும் பாருங்கள். அரசரிடமிருந்து நேரடியாகப் பெற்ற நிலத்தை விற்க அனுமதி தேவைப்பட்டதால் அனுமதிகளும் மன்னிப்புகளும் அங்கே பதிவாகியிருக்கும். வீட்டுக்கு அரண் கட்டும் அனுமதியும் நல்ல சாட்சி: ஷ்ராப்ஷயரின் ஸ்டோக்ஸேயை 1281-இல் பெற்ற கம்பளி வணிகர் லாரன்ஸ் ஆஃப் லட்லோவுக்கு 1291-இல் அப்படி ஓர் அனுமதி கிடைத்தது. அவர் 1294-இல் கடலில் மூழ்கி இறந்தார். இந்தச் சுருள்களின் ஆங்கிலச் சுருக்கத் தொகுதிகளுக்குப் பெயர் அட்டவணை உண்டு என்பதால் ஒரே மாலையில் ஒரு நூற்றாண்டைப் புரட்டிவிடலாம்.

7. பறிமுதலும் மடக் கலைப்பும்

தொடர் திடீரென அறுந்து அரசர் பெயர் வந்தால் துரோகக் குற்றமோ, எட்டாம் ஹென்றி மடங்களை மூடி அவற்றின் சொத்தை எடுத்துக்கொண்ட மடக் கலைப்போ நடந்திருக்கும். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் மின்ஸ்டர் லவல் முதல் வகைக்குச் சிறந்த பாடம்; பயிற்சிக்காக இந்த மேனரை ஒருமுறை முழுவதும் தொடர்ந்து பாருங்கள். 12-ஆம் நூற்றாண்டிலிருந்து லவல் குடும்பத்திடம் இருந்த அந்த மேனர், மூன்றாம் ரிச்சர்டின் நண்பரான பிரான்சிஸ் லவல் 1485-இல் அரியணைப் போரில் தோற்ற பக்கத்தில் நின்றதால் பறிமுதலானது. வென்று அரசரான ஏழாம் ஹென்றி அதைத் தன் சிற்றப்பா ஜாஸ்பர் ட்யூடருக்குக் கொடுத்தார்; அவர் 1495-இல் சட்டப்படியான வாரிசின்றி இறந்ததும் அரசிடமே திரும்பியது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கறிஞர் எட்வர்ட் கோக் வாங்கினார். அவர் வழிவந்த தாமஸ் கோக் 1728-இல் பெற்ற பட்டம் "மின்ஸ்டர் லவலின் லவல் பிரபு". பட்டத்தில் உள்ள பெயரைப் பார்த்துப் பழைய லவல்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்று எழுதினால் முழுத் தொடரும் தவறாகிவிடும். அது ஊரின் பெயரிலிருந்து எடுத்த பட்டம்.

மடங்களின் மேனர் என்றால் வழி வேறு. 1279-இன் சட்டத்துக்குப் பிறகு மடத்துக்கு நிலம் தர அரச அனுமதி வேண்டும். அந்த அனுமதியைத் தருமுன் நடந்த விசாரணைகள் சி 143 தொடரில் உள்ளன. 1535-இல் எட்டாம் ஹென்றி எடுத்த திருச்சபைச் சொத்து மதிப்பீட்டில் மடத்தின் மேனர்கள் வரிசையாக வரும். கலைப்புக்குப் பின் யாருக்குத் தரப்பட்டது என்பதை அந்த அரசரின் கடிதத் தொகுப்பிலும் பேட்டண்ட் ரோலிலும் காணலாம். முதலில் பெற்றவர்கள் சிலர் பிறருக்காக வாங்கிய லண்டன் முகவர்கள். சில வாரங்களுக்குள் வேறொருவருக்கு மாற்றிவிடுவார்கள். ஆகவே வழங்கல் கிடைத்ததோடு நிற்காமல் அடுத்த இரண்டு ஆண்டுகளின் விற்பனை அனுமதிகளையும் தேடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் மேனர் என்றால் நேராக அந்தக் கல்லூரியின் ஆவணக் காப்பாளருக்கு எழுதுங்கள். நிலம் கைமாறாததால் ஆவணங்களும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

8. மன்றச் சுருள்களைக் கடைசியில் பாருங்கள்

எல்லோரும் முதலில் இங்கே ஓடுகிறார்கள். சுருளின் பெரும்பகுதி வேலி உடைந்தது, மாடு மேய்ந்தது, குடியானவர் இறந்து மகன் நிலம் பெற்றது என்பதுதான். பிரபுவின் பெயர் பல ஆண்டுகளுக்கு வராமலேயே போகும். நமக்கு வேண்டியது தலைப்பு வரி மட்டும். குறிப்பாக "இன்னாருடைய முதல் மன்றம்" என்ற தலைப்பைத் தேடுங்கள். புதுப் பிரபு வந்ததும் குடியானவர்கள் கூடி அவரை ஏற்றுக்கொள்ளும் நாள் அது; கைமாற்றத்தின் தேதி சில மாத இடைவெளிக்குள் அகப்பட்டுவிடும்.

ஒரு கவுண்டியின் காப்பகத்துக்கு இரண்டு ரயில் மாறிப் போன பிறகுதான், நான் கேட்ட சுருள் செப்பனிடும் பிரிவில் இருக்கிறது என்று சொன்னார்கள். கிளம்பும் முன் குறியீட்டைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பி, "இந்த நாளில் பார்க்கலாம்" என்ற பதில் வந்த பிறகே பயணச்சீட்டு எடுங்கள்.

9. எழுத்தும் லத்தீனும்

1733 வரை, குரோம்வெல் காலத்துச் சில ஆண்டுகள் நீங்கலாக, மன்ற ஆவணங்கள் லத்தீனில்தான் இருக்கும். பயப்பட வேண்டாம், இந்த ஆவணங்களின் லத்தீன் வாய்பாடு போன்றது, ஒரு நூற்றைம்பது சொற்கள் வந்துவிட்டால் போதும். தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் தொடக்கநிலை லத்தீன் பாடமும் பழைய கையெழுத்துப் பாடமும் இலவசமாக உள்ளன. வேலைநாள்களில் தினம் அரைமணி என்று மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

உண்மையான இடர் எழுத்தில்தான். இடைக்கால எழுத்தரின் கையில் ஐ, எம், என், யு, வி எல்லாமே ஒரே அளவுள்ள சிறு செங்குத்துக் கோடுகள். எத்தனை கோடு எந்த எழுத்துக்கு என்பதை நாம்தான் பிரிக்க வேண்டும். லவல் என்ற பெயரை அவர்கள் நடுவில் யு இட்டு எழுதுவார்கள். அந்த இரண்டு கோடுகளை என் என்று படித்து, "லோனல்" என்னும் இல்லாத குடும்பத்தை இரண்டு வாரம் அட்டவணைகளில் தேடினேன். பிறகு அதே ஆவணத்தில், ஐயமின்றிப் படிக்க முடிந்த சொல் ஒன்றில் அந்த எழுத்தர் யு-வையும் என்-ஐயும் எப்படி இழுக்கிறார் என்று பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருந்தன. அன்றிலிருந்து புதுக் குடும்பப் பெயர் வந்தால் கோடுகளை மட்டும் எண்ணி எழுதிக்கொண்டு, சாத்தியமான எல்லா வாசிப்புகளையும் தேடுகிறேன்.

10. கியூவுக்குப் போகும் நாள்: தாள்கள், செலவு, நேரம்

மூல ஆவணத்தைக் கையில் எடுக்க வாசகர் அட்டை வேண்டும். அதற்குக் கட்டணமில்லை, பெயருக்கு ஒரு சான்றும் முகவரிக்கு ஒரு சான்றும் மூலமாகவே கொண்டுசெல்ல வேண்டும். நகலை நம்பிப் போய்த் திரும்பி வராதீர்கள். வாரத்தின் எல்லா நாள்களும் திறந்திருப்பதில்லை என்பதால் நேரத்தைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆவணங்களை முன்கூட்டியே குறியீட்டோடு பதிவு செய்யுங்கள். சில தொகுப்புகள் செஷயரில் உள்ள உப்புச் சுரங்கத்தில் பாதுகாக்கப்படுகின்றன, அவை வந்துசேரச் சில நாள்கள் ஆகும். வாசிப்பறைக்குள் பேனா கிடையாது; பென்சில், கைபேசி, மடிக்கணினி போதும். பையைப் பெட்டகத்தில் வைத்துவிட வேண்டும்.

உங்கள் சொந்தக் கருவியால் படமெடுக்கக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு ஆவணத்துக்கும் முதல் படத்தில் அதன் குறியீட்டுச் சீட்டு தெரியும்படி எடுங்கள். இல்லையேல் வீட்டில் நூறு படங்களை வைத்துக்கொண்டு எது எதனுடையது என்று விழிப்பீர்கள். நேரில் போகாமல் நகல் கேட்டால், பக்கங்களைச் சரிபார்க்க ஒரு கட்டணமும் நகலுக்கு ஒரு கட்டணமும் தனித்தனியே வரும். மூன்று நான்கு ஆவணங்கள் என்றாலே ரயிலில் போய்வருவது மலிவாகிவிடலாம். கவுண்டிக் காப்பகங்கள் படமெடுக்க நாளுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவதுண்டு. அச்சுத் தொகுதிகளை விலைக்கு வாங்காதீர்கள். பெரும்பாலானவை ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இருக்கின்றன.

கால அளவு பற்றிச் சொன்னால், விக்டோரியா கவுண்டி ஹிஸ்டரியில் வந்த ஊர் என்றால் சரிபார்ப்போடு இரண்டு மூன்று மாத மாலைகள் போதும். வராத ஊர் என்றால் ஓராண்டை ஒதுக்குங்கள்.

11. எங்கே நிறுத்துவது

இடைக்காலத் தொடர் மட்டும் வேண்டுமென்றால் மடக் கலைப்புக்குப் பிந்தைய முதல் இரண்டு விற்பனைகளோடு நிறுத்தலாம். இன்றுவரை கொண்டுவர விரும்பினால் 1 ஜனவரி 1926 ஒரு நல்ல எல்லை. அன்று காப்பிஹோல்டு என்னும் பழைய நில அனுபவ முறை ஒழிந்தது, அதன்பின் மேனர் மன்றங்களுக்குப் பெரிதாக வேலை இல்லை.

தேடும் வழியில் "இந்த மேனரின் பிரபுப் பட்டம் விற்பனைக்கு" என்ற விளம்பரங்கள் கண்ணில் படும். அதை வாங்குவதால் உயர்குடிப் பட்டமோ, அந்தக் காரணத்தாலேயே நிலமோ வந்துவிடாது. 13 அக்டோபர் 2003-க்குப் பிறகு இத்தகைய பட்டங்களை நிலப் பதிவகத்தில் புதிதாகப் பதிய முடியாது. பதியப்படாத பட்டத்தை விற்பவர் உங்களிடம் காட்ட வேண்டியது நாம் மேலே கோத்த இதே தொடரைத்தான். சொலிசிட்டரிடம் காட்டாமல் ஒரு பவுண்டும் தராதீர்கள்.

முடித்த தாளின் ஒரு பிரதியைக் கவுண்டிக் காப்பகத்துக்கும் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்கும் கொடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆவணக் குறியீட்டையும், அதை மூலத்தில் பார்த்தீர்களா சுருக்கத்தில் பார்த்தீர்களா என்பதையும், பார்த்த தேதியையும் எழுதுங்கள். காலியான கட்டங்களைக் காலியாகவே விடுங்கள். என் தாளில் 1120-க்கும் 1190-க்கும் இடையில் இன்னும் ஒரு வெள்ளைக் கட்டம் இருக்கிறது.